அன்பின் விருந்துக்கு ஐஸ் தண்ணீர்

மார்ச் 12, செவ்வாய்

பள்ளியில் விசேஷம் ஒன்றுமில்லை. உயிரியல் வகுப்பு எலும்புக்கூட்டுக்கு என் தொப்பியை மாட்டிவிட்டு, ஆசிரியர் பெயர் வாசிக்கும்போது அதற்கும் ஒரு 'உள்ளேன்' சொன்னேன். அவர், "கெசியா, உன்னைவிட அது அமைதியா உட்கார்ந்திருக்கு" என்றார். போகட்டும்.

அப்பா இன்றும் டிராக்டர் பட்டறையில்தான் தூங்குகிறார். கேட்டால், "வேலை அதிகம்" என்கிறாள் அம்மா. வேலை அதிகமென்று யாராவது தலையணையோடு போவார்களா?

ஜனெலிடம் மட்டும் சொன்னேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி, சபையில் பக்கத்து இடம். யாரிடமும் சொல்லாதே என்றேன். எங்கள் சபையில் யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. "சரிடி" என்றாள்.

மார்ச் 14, வியாழன்

நேற்று ஜெபக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வயிற்றுவலி (கணக்குப் பரீட்சை என்றும் சொல்லலாம்). இன்று மாலை வாசலில் வரிசையாக, ஊரார் சீஸ் போட்டுச் சுட்டுக் கொண்டுவந்த நூடுல்ஸ் கேசரோல். எங்கள் பள்ளத்தாக்கில் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் இத்தனை சீஸ் வரும். சபைப் பொறுப்பாளரான டீக்கன் ஐரா அங்கிளின் மனைவி வெர்டா ஆன்ட்டி என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா வீட்டுக்கு வரணும்னு எல்லாரும் அழுது ஜெபிச்சோம், கண்ணு. ஜனெல்தான் பாரத்தோட எழுந்து சொன்னா."

பாரமாம். என் பாரத்தைத் தூக்கிச் சபை முழுக்கப் பங்கு போட்டிருக்கிறாள். அது ஜெப விண்ணப்பமில்லை, விளம்பரம்.

அம்மா கேசரோல்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாடிக்குப் போய்விட்டாள். இன்னும் இறங்கல. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சிடுச்சு. என்ன பண்றது இப்போ — கதவைத் தட்டவும் பயமா இருக்கு.

மார்ச் 15, வெள்ளி

"கோவமாடி? ஜெபத்துக்குத்தானே சொன்னேன்" என்றாள் ஜனெல்.

"ஆமாமா. அடுத்த வாரம் மைக் வச்சு ஜெபி. பக்கத்து ஊருக்கும் கேக்கட்டும்."

அழுதாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

இடம் மாறித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். போதகர் பாதிதான் தெரிகிறார். பிரசங்கம் மட்டும் முழுதாகக் கேட்கிறது.

ஏப்ரல் 6, சனி

ஐரா அங்கிள் வந்தார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று அன்பின் விருந்து; ஒருவர் காலை ஒருவர் கழுவி, ஒன்றாகச் சாப்பிடுவோம். அதற்குமுன் டீக்கன் வீடு வீடாக வந்து ஒரே கேள்வி கேட்பார். ஒருவர்மேல் மனக்குறை இருந்தால் முதலில் போய் அதைத் தீர்த்துவிட்டுத்தான் மேசைக்கு வரவேண்டும். அம்மா மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அடுத்து நான்.

"கடவுளோடயும் எல்லா மனுஷரோடயும் சமாதானமா இருக்கியாம்மா?"

"சண்டையே இல்லையே, அங்கிள். சண்டை போடணும்னா பேசணுமே."

"இது ஆமாவா, இல்லையா?"

"எது உங்களுக்கு வசதியோ அது."

"எனக்கு வசதி உங்கம்மா சுட்ட இந்த ஆப்பிள் பையைச் சாப்பிட்டு முடிச்சிட்டுக் கிளம்புறது. பதில் உன்னோடதும்மா." முடித்தார், கிளம்பினார்.

பிறகு ஜெபித்துப் பார்த்தேன். ஆண்டவரே, ஜனெலை மன்னிக்கிறேன், அதற்குமுன் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17, புதன்

நாளை கால் கழுவும் தொட்டிகளில் வெந்நீர் நிரப்பும் வேலை எனக்கு. கேட்டு வாங்கினேன். வெர்டா ஆன்ட்டி, "எவ்வளவு தாழ்மை" என்று பூரித்தார். பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் ஜனெல்தான் எப்போதும் முதல் ஆள். அந்தத் தொட்டிக்கு மட்டும் ஐஸ். கரைந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

ஐயோ.

ஜனெல் இன்று பார்த்து முதல் இடத்தை ஒரு விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுக் கடைசிக்கு நகர்ந்துவிட்டாள். நான் நழுவப் பார்த்தேன். வெர்டா ஆன்ட்டி கையைப் பிடித்து, "இங்க ஓரத்துல இடமிருக்கு, வா" என்று அதே பெஞ்சில் உட்காரவைத்தார். அவர், ஜனெல், ஓரத்தில் நான்.

எங்கள் வழக்கம் தொட்டி நகர்வது. ஒருத்தி பக்கத்திலிருப்பவளின் காலைக் கழுவித் துடைத்து, கட்டியணைத்து முத்தமிடுவாள். கழுவப்பட்டவள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்தவள் முன்னால் முழங்காலிடுவாள். சுற்றிலும் பாட்டு, யாரும் பேசமாட்டார்கள். ஐஸ் தண்ணீர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. விரல்கள் சுருண்டன, முகங்கள் மட்டும் பரிசுத்தமாகவே இருந்தன. ஒருத்தி கண்ணை மூடி "ஸ்தோத்திரம்" என்றாள். குளிருக்கு அப்படியும் ஒரு பெயர் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

வெர்டா ஆன்ட்டி காலுறையைக் கழற்றினார். சர்க்கரை வியாதிக் கால். வீங்கி நீலம் பாரித்து, சுண்டுவிரலே இல்லை. எனக்குத் தெரியாதே.

எழுந்துவிட்டேன். "கொஞ்சம் இருங்க" என்று தொட்டியைத் தூக்கினேன். பாதி என் பாவாடையில். சமையலறைக்கு ஓடி, வெந்நீர் ஊற்றி, கைவிட்டுப் பதம் பார்த்துக் கொண்டுவந்தேன்.

"தண்ணி மாத்தினியா, கண்ணு?"

"ஜில்லுன்னு இருந்துச்சு, ஆன்ட்டி. நான்தான் ஊத்தினேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

பெஞ்சு குலுங்கத் தொடங்கியது. ஸ்தோத்திரம் சொன்னவள்தான் முதலில் சிரித்தாள். முன் பெஞ்சிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சிரிச்சு எத்தனை நாளாச்சு.

கடைசியில் ஜனெல் என் முன்னால் முழங்காலிட்டாள்.

"எனக்குத்தானே அது?"

"பின்னே யாருக்கு?"

"ரொம்ப ஜில்லா?"

"எலும்பு வரைக்கும்."

குழந்தைக்குத் துடைப்பதுபோல் விரலிடுக்கெல்லாம் துடைத்தாள். தலை நிமிரவில்லை. "ஜெபம்னு சொல்லிக்கிட்டேன்டி. எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியுதேன்னு பெருமை. அதான் எழுந்து நின்னேன். மன்னிச்சுக்கோ."

பதிலடி தயாராகத்தான் வைத்திருந்தேன், நல்லதாகவே. அதை விட்டுவிட்டு "சரிடி" என்றேன். கட்டிக்கொண்டாள். ஈரப் பாவாடை இரண்டு பேருக்கும் ஒட்டியது. இறைச்சிச் சாற்றில் ஊறிய ரொட்டியை ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டோம்.

மன்னித்துவிட்டேனா? முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. ஐரா அங்கிள் இன்று கேட்டிருந்தால், "கிட்டத்தட்ட ஆமா" என்றிருப்பேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அப்பா மதியம் சாப்பிட வந்தார். சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் பட்டறைக்கே போய்விட்டார். அம்மா கார்வரை கூடப் போனாள்.

மே 8, புதன்

பள்ளி விட்டதும் ஜனெல் அவர்கள் மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். பெரிய விஷயம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள்.

மாலை ஜெபக் கூட்டத்தில் ஐரா அங்கிள், "வேற விண்ணப்பம் ஏதாவது உண்டா?" என்று என் பக்கம் திரும்பினார். எனக்கு வாய் இருப்பது பள்ளத்தாக்குக்கே தெரியும்.

"சத்தமா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, அங்கிள்."

தலைகுனிந்து அவள் பெயரை உள்ளுக்குள் சொன்னேன். ரொம்ப நேரம். என்ன விஷயமென்று இங்கேகூட எழுதமாட்டேன். கேட்டவர் ஒருவர்தான், அவர் யாரிடமும் சொல்கிற பழக்கமில்லாதவர்.