உப்புமாவுக்குச் சொன்ன வேண்டாம்

அஸ்தினாபுரம்
திங்கட்கிழமை காலை

அன்புள்ள பாப்பா மிருதுளாவுக்கு அப்பா வேதாசலம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியம், மொட்டை மாடிக் கறிவேப்பிலைச் செடி சௌக்கியம். நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப் மட்டும் கொஞ்ச நாளாகச் சீக்கில் கிடந்து இப்போதுதான் தேறியிருக்கிறது. அங்கே டென்மார்க் குளிரில் நீ காதுக்குக் குல்லா போட்டுக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, என் மேலுள்ள கோபம் ஒன்று தவிர மற்ற எதிலும் குறைவில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அந்தக் கோபத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் பாப்பா, அன்றைக்கு வீடியோ காலில் நான் வேண்டாம் என்று சொன்னது அந்தப் பையனுக்கு இல்லை. உப்புமாவுக்கு. சிரிக்காதே, இது சத்தியம். உன் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், வேண்டுமானால் அவளையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன்.

எல்லாம் அந்த அப்கிரேடு செய்த வேலை. லேப்டாப்பைத் திறந்தாலே புதுசு வந்திருக்கிறது போடட்டுமா போடட்டுமா என்று ஓரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் அப்புறம் அப்புறம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பக்கத்து வீட்டு ராஜகோபால் சார் ஒருநாள் பேப்பர் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, இன்னா சார் இதைப் போய்த் தள்ளிப் போடறீங்க, போடலைன்னா வைரஸ் பூந்துடும் என்று பயமுறுத்தினார். சரி என்று அமுக்கினேன். அது பாட்டுக்குச் சுற்றியது, அணைந்தது, எரிந்தது, மறுபடி சுற்றியது. நான் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்தபோது முகப்பில் புதிதாக ஒரு மலைப் படம் போட்டுக்கொண்டு புது மாப்பிள்ளையாட்டம் நின்றது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து வைஃபை நிற்கவில்லை. விசிறி மாதிரி ஒரு படம் வருமே, அது கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு அது போய் உலக உருண்டை வந்து உட்கார்ந்துகொள்ளும். உலகமே நம் கைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தமாக்கும் என்று நான் நினைத்தேன். உலகத்தோடு தொடர்பே இல்லை என்று அர்த்தமாம். என் போனில் நன்றாக வருகிறது, அம்மா போனில் வருகிறது, இதில் மட்டும் வந்து வந்து போகிறது. போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நீ கட்டைவிரல் அளவுதான் தெரிகிறாய் பாப்பா, இளைத்தாயா பெருத்தாயா என்று ஒன்றும் தெரிவதில்லை.

நான் சும்மா இருப்பேனா. பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் ஆபீசையே கட்டி மேய்த்தவன் ஒரு டப்பாவுக்குத் தோற்றுப் போவதா என்று இறங்கிவிட்டேன். முதலில் வைஃபை பாக்ஸை டிவி ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். பிறகு ஷோகேஸில் உன் ஓட்டப்பந்தயக் கப்புக்குப் பக்கத்தில். பிறகு ராஜகோபால் சார், எவ்ளோ உசரமோ அவ்ளோ நல்லது சார் என்றதால் ஒயர் கூடையில் போட்டு ஹாலில் உனக்குத் தூளி கட்டிய கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டேன். ஃபேன் காற்றுக்கு அது லேசாக ஆடியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, பொண்ணுக்கு ஒரு நாள் ஆட்டாதவர் இதுக்கு ஆட்டுறீங்களே என்றாள். அது பொய், நான் உன்னை ஆட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் ஒருவனிடம் சிக்னல் இழுக்கிற கம்பி என்று ஒன்று வாங்கி வந்தேன். அது பழைய கார் ரேடியோவுக்கு உண்டானதாம். இப்போது அம்மா அதை வைத்துப் பரண் மேல் ஒட்டடை அடிக்கிறாள். நெட்வொர்க்கை மறந்துவிடவா என்று லேப்டாப்பே ஒரு இடத்தில் கேட்டது. மறக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஞாபகப்படுத்தினால் சரியாகிவிடும் என்று உன் தம்பி நிகில் பெங்களூரிலிருந்து போனில் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. இந்த வயதில் நமக்கே பாதி மறந்துபோகிறது, இருக்கிற ஒன்றையும் வேலை மெனக்கெட்டு மறக்கச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

ஏர்ப்ளேன் மோடு கதையையும் சொல்லிவிடுகிறேன், நிகில் எப்படியும் சொல்லத்தான் போகிறான். லேப்டாப்பில் ஒரு மூலையில் விமானப் படம் போட்டு ஒரு பொத்தான் இருக்கிறது பார். ராஜகோபால் சார் அதைக் கண்டுபிடித்துவிட்டு, சார் இதான் மேட்டர், மீனம்பாக்கம் பக்கத்துல கீது, பிளேன் தலைக்கு மேல போய்க்கினே கீது, நம்ம மாதிரி ஏர்போர்ட் பக்கத்துல குடியிருக்கிறவங்க இதைப் போட்டே ஆகணும் என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. போட்டோம். வந்து வந்து போய்க்கொண்டிருந்தது அதோடு வராமலே போய்விட்டது. சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் மாடியில் நின்று, பிளேன் எதுவும் போகாத நேரமாகப் பார்த்து லேப்டாப்பைத் தூக்கித் தூக்கிப் பிடித்தோம். விமானத்துக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் போட வேண்டியதாம் அது. இதை நிகில் சொன்னபோது ராஜகோபால் சார் செருப்பை மாட்டிக்கொண்டு, பேஜாரா போச்சு சார் என்று போனவர் அப்புறம் பேப்பர் வாங்கக்கூட வரவில்லை.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நான் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு லேப்டாப் எதிரில் உட்கார்ந்தேன். அப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் என்று ஆரம்பித்தாய், அதோடு உன் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, பார்க்கவே சகிக்கவில்லை. சத்தமும் இல்லை. சரி, புட்டுக்கொண்டது என்று நான் திரும்பினேன். அங்கே உன் அம்மா கோதுமை ரவை உப்புமாவைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். டாக்டர் எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று சொன்னாலும் சொன்னார், அந்த வாரம் முழுக்க காலையில் அதுதான், ராத்திரியும் அதுதான். இன்னும் ஒரு கரண்டி வைக்கட்டுமா என்றாள். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ, கையை நீட்டித் தடுத்து, வேணாம்னா வேணாம், இந்த வீட்டுக்குள்ள இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று கத்திவிட்டேன். நீ பேசியதுதான் இங்கே வரவில்லை. நான் பேசியது ஒரு எழுத்து சிந்தாமல் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பக்கம் வண்டி நகராமல் நிற்கும், எதிர்ப்பக்கம் பறந்துகொண்டிருக்கும், அந்த மாதிரி. நீயோ அந்தப் பக்கம், ஜீவாவோட அப்பா அம்மா நம்ம வீட்டுக்கு வந்து பேசட்டுமா அப்பா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறாய். இது எனக்கு எப்படித் தெரியும், சொல்லு.

மறுநாள் உன்னிடமிருந்து, புரிஞ்சுதுப்பா, கொஞ்ச நாளைக்கு யாரும் என்னைக் கூப்பிடாதீங்க என்று ஒரு வரி வந்தது. நான் சந்தோஷமாக அம்மாவிடம், பார்த்தியா, நம்ம வைஃபை சரியில்லைன்னு குழந்தைக்கே புரிஞ்சுபோச்சு, சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்கன்னு எவ்வளவு பதமாச் சொல்லுது என்றேன். அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்றும் உனக்கு அனுப்பினேன். அதைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாயோ.

அப்புறம் லேப்டாப்பைச் சரி பண்ணியது யார் என்று கேட்டால் நம்பமாட்டாய். உன் அம்மா. நான் ஒருநாள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஏங்க, ஒயரு சொருகியிருந்தா ஒழுங்காத்தானே பேசுது, நீங்க ப்ளக்கைப் புடுங்கினதும்தானே ஊமையாயிடுது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்குத்தான் தெரியுமே, நூறு என்று காட்டிய அடுத்த நிமிடம் சார்ஜரைப் பிடுங்கி சுவிட்சை அணைத்தால்தான் எனக்கு மூச்சு வரும். நிகிலிடம் இதைச் சொன்னதும் அவன் போனிலேயே ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, உள்ளே உள்ளே போய், கடைசியில் ஒரு கட்டத்தைக் காட்டினான். மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபையை அணைத்துக்கொள்ள அனுமதி என்று அதில் டிக் போட்டிருந்தது. அப்கிரேடு ஆனபோது அதுவாகவே போட்டுக்கொண்டதாம். பேட்டரியில் ஓடும்போது நாம் கையை வைக்காமல் சும்மா உட்கார்ந்தால் ஆள் இல்லை என்று நினைத்து வைஃபையை அணைத்துவிடுகிறதாம். முழுசாக அணைவதற்கு முன்னால் அரைத்தூக்கத்தில், அங்கிருந்து வருவதை விட்டுவிட்டு இங்கிருந்து போவதை மட்டும் கொஞ்ச நேரம் அனுப்புமாம். நான்தான் நீ பேசும்போது கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பேனே. அம்மா என்ன சொன்னாள் தெரியுமா. ரூமை விட்டு எழுந்தா ஃபேனை அணை, பாத்ரூம் லைட்டை அணைன்னு முப்பது வருஷமா எங்க உயிரை வாங்கினீங்க, இப்போ உங்க லேப்டாப்பும் அதையே கத்துக்கிச்சு என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். டிக்கை எடுத்தேன். அதிலிருந்து உலக உருண்டை தலைகாட்டவில்லை. வெற்றி வெற்றி என்று ராஜகோபால் சாரைக் கூப்பிட்டுக் காபிகூடக் கொடுத்தேன்.

அந்தச் சந்தோஷம் நேற்றுவரைதான். நேற்று நிகில் கூப்பிட்டு, ஏம்ப்பா அக்காவை அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொன்னீங்க, அவங்க கிறிஸ்டியன்னா என்ன இப்போ, அக்கா ஒழுங்கா சாப்பிடறதுகூட இல்லையாம் என்று சண்டைக்கு வந்தான். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அவன் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. நான் உப்புமாவைச் சொன்னேன்டா என்றேன். அவன் நம்பவில்லை. உன்னிடம் சொன்னானாம், நீயும் நம்பவில்லையாம். அம்மா திட்டினதால அப்பா இப்போ மாத்திப் பேசறார், எதையும் எழுத்துல கொடுன்னுதானே என்னை வளர்த்தார், இப்போ அவர் எழுத்துல கொடுக்கட்டும் நம்பறேன் என்றாயாமே. நியாயம்தான். சைக்கிள் வேண்டும் என்றாலும் கொடைக்கானல் டூர் என்றாலும் எழுதிக் கொடு என்பேன், நீயும் மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு என்று நாலு வரி எழுதி நீட்டுவாய், நான் அதன் அடியிலேயே அனுமதிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதனால்தான் இதோ பேனாவை எடுத்துவிட்டேன். இதைப் போட்டோ எடுத்து நிகிலுக்கு அனுப்புகிறேன், அவன் உனக்கு இன்றைக்கே அனுப்புவான். அது நகல்தான். மூலப் பிரதி தபாலில் வருகிறது, பத்திரப்படுத்திக்கொள்.

இன்னொன்றும் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி என் காதில் ஒழுங்காக விழுந்திருந்தால் உடனே துள்ளிக் குதித்துச் சரி என்றிருப்பேன் என்று கதை விடமாட்டேன். கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். வேறு மதமாயிற்றே, உன் பெரியப்பா என்ன சொல்வார், சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று மாடியில் நாலு நடை நடந்திருப்பேன். ஆனால் நேற்று நிகில் நான் சொன்னதாக அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னானே, இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே கூடாது என்று, அதை உன் இடத்திலிருந்து கேட்டுப் பார்த்தேன். என் பெண்ணிடம் இப்படிப் பேசுகிறவன் எவன் என்று எனக்கே கோபம் வந்தது. நீ அதைக் கேட்டுவிட்டு அந்த ஊரில் தனியாக உட்கார்ந்திருந்தாயே பாப்பா. அதற்கப்புறம் நடப்பதற்கு மாடியும் வேண்டியிருக்கவில்லை, யோசிப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்தப் பையன் பள்ளிக்கரணையாமே. இங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிறவனைப் பார்க்க டென்மார்க் வரைக்கும் போக வேண்டியிருந்ததா உனக்கு.

ஆகவே எழுத்து மூலம் தெரிவிப்பது என்னவென்றால், ஜீவானந்தத்தின் அப்பா துரைராஜ் அவர்களும் அம்மா ஷீலா அவர்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு அவசியம் வரவேண்டும். வரட்டும். அனுமதிக்கப்பட்டது என்று எழுத வந்தேன், நீ இப்போது அனுமதி கேட்கிற வயதிலும் இல்லை, நான் கொடுக்கிற இடத்திலும் இல்லை. அதனால் சந்தோஷம் என்று எழுதுகிறேன். நீயும் அந்தப் பையனும் அன்றைக்கு வீடியோவில் வாருங்கள், சார்ஜரைப் பிடுங்கமாட்டேன், இது உறுதி. தலைக்கு எண்ணெய் வை. அந்த ஊர் ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஹீட்டரை அணைத்துவிட்டுப் போ. இந்தக் கடிதத்தைப் பார்த்த உடனே ஒரு போன் போடு, அம்மா நேற்றிலிருந்து போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ நினைத்தபடி எல்லாம் நடந்து, மனம் நிறைந்து, நூறு வயது நன்றாக இரு.

உன் உப்புமா விரோதி,
அப்பா வேதாசலம்
சாட்சி: அம்மணி (அம்மா)

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு என்ன டிபன் என்று அம்மாவைக் கேட்டேன். நேரே என் கண்ணைப் பார்த்து, உப்புமா என்றாள். லேப்டாப் பக்கத்திலேயே திறந்திருந்தது. ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டேன்.