இடது கை எழுத்து

தேவிகுளம் மலை,
ஆவணி, 1931

அன்புள்ள மதலேனம்மாளுக்கு உன் புருஷன் மிக்கேல் எழுதுவது. மாதா தயவால் நான் சுகம். நீயும் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

இது என் சொந்த எழுத்து. கோணலைப் பார்த்துச் சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், கூட வேலை செய்யும் பவுல்ராஜிடம் நாங்கள் ஐந்து பேர் எழுத்துப் படிக்கிறோம். போன மாதம் தேயிலைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணி, ஒரு வருஷ ஒப்பந்தம் என்று காகிதத்தை நீட்டினான். நான் எழுத்துக் கூட்டி, "மூணு வருஷம்னுல்லா போட்டிருக்கு" என்று எல்லார் முன்னும் வாசித்துவிட்டேன்.

அவன் ஆட்கள் என் வலது கையைக் கல்லில் அமுக்கினார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியின் பின்புறத்தால் அவன் நாலு விரலையும் நொறுக்கினான். பவுல்ராஜுக்கு இரண்டு பல் போயிற்று. "கைநாட்டு வைக்கப் பெருவெரலு போதும்லே" என்று அதை மட்டும் விட்டான்.

பயப்படாதே, வீக்கம் வடிகிறது. சோறும் இடது கையால்தான், பார்த்தால் திட்டுவாய். கொஞ்சம் நல்லெண்ணெயும் நாலு சிலேட்டுக் குச்சியும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. நீயே இரண்டு வரி எழுது, இனி நானே வாசிப்பேன்.

பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கொம்பு ஊதிவிட்டார்கள். அதே காகிதத்தோடு கங்காணி அங்கே நிற்பான். அதில் "சம்மதமில்லை" என்று எழுதத்தான் இந்தக் கையைப் பழக்கினேன்.

மிக்கேல்