எந்த ஊர் கிம்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகள் மீரா கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் கொரியப் பையன் மின்ஜூன் இன்று மதியம் எங்கள் விமான் நகர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். குடும்பப் பெயர் கிம். அங்கே ஐந்தில் ஒருவர் கிம்தான். பூர்வீக ஊரை வைத்துத்தான் கிளை பிரிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். ரசம் ஊற்றும்போது, எந்த ஊர் கிம் என்று கேட்டுவிட்டேன்.

"கோத்திரம் விசாரிக்கிறியாம்மா?" என்று மீரா சிரித்தாள்.

அவன் சிரிக்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். கிம்ஹே ஊர்க் கிம். வம்சாவளிப்படி ராஜ பரம்பரை. ஆனால் தாத்தாவின் தாத்தா அடிமையாக இருந்தவர், குடும்பப் பெயரே கிடையாது. விடுதலையானபோது, கிம்ஹே கிம்மான எஜமானரின் பெயரை வைத்துக்கொண்டாராம்.

சாதி பார்க்கக் கூடாது என்று கல்லூரியில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். ராஜா என்றதும் நிமிர்ந்த மனசு, அடிமை என்றதும் சுருங்கியது. ஒரு நொடிதான். மீரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனை வழியனுப்பிவிட்டு வந்தவள், சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ராஜா வம்சம்னு சொல்லி அவன் நிறுத்தியிருக்கலாம். எங்கம்மா அதெல்லாம் பாக்க மாட்டாங்க, எதையும் மறைக்காதேன்னு நான்தான் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள்தான் அந்த ஒரு நொடியைப் பார்த்துவிட்டாளே.