திறக்காத முன்கதவு

14.5.1967, ஞாயிறு

எங்கள் வேதக்கோயிலின் முன்கதவு திறக்காது என்று நாகம்மாவிடம் நான் சொல்லவில்லை. கரையான் அரித்து நிலை இறங்கியதிலிருந்து நாங்கள் எல்லாரும் உபதேசியார் வீட்டு மாட்டுத்தொழுவம் வழியாகப் பக்கக் கதவில்தான் நுழைகிறோம். பழகிப்போனதால் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அவள் அருப்புக்கோட்டைப் பள்ளியில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய், அவ்வூர்த் தறிக்காரர் வீட்டுப் பெண். கைக்குழந்தைக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். "பிள்ளைக்காக வேண்டிக்க நாங்கல்லாம் உங்க கோயிலுக்கு உள்ள வரலாமா டீச்சர்?" என்று கேட்டாள். யாரும் வரலாம் என்றேன்.

இன்று பாட்டின் நடுவே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரோ நிக்கிறாக மாமா" என்றேன்.

"ஆடு உரசுதும்மா. அதுக்கும் ஞானஸ்நானம் குடுக்கணுமாக்கும்? நீ பாடு" என்றார் பக்கத்தில் நின்ற கோயில்பிள்ளை மாமா. எல்லாரும் சிரித்தார்கள். நான் பாடினேன்.

ஆராதனை முடிந்து முன்பக்கம் சுற்றிப் போனபோது படியில் பிரிக்காத மெழுகுவர்த்திப் பொட்டலம் கிடந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு அழுதுக்கிட்டே போச்சு டீச்சர்" என்றார் டீக்கடைக்காரர். "'எங்களுக்குன்னா அடைச்சிருவாக போல'ன்னுச்சு."

ஆண்டவரே, இதை நான் எப்படி அவள் மனத்திலிருந்து எடுப்பேன்?

சாயங்காலம் அருப்புக்கோட்டைக்குப் போனேன். குழந்தையை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசி பஸ் வரும்வரை அவர்கள் தெருவிலேயே நின்றேன். யாரும் திரும்பவில்லை.