நார்மல்னு எழுதின டியூப்

மாமா,

போன்ல பேசினா என் குரலே காட்டிக் குடுத்துரும், அதான் எழுதுறேன். சோழவந்தான்ல மழையாமே, வெத்தலைக் கொடிக்கால்ல தண்ணி நிக்காம பாத்துக்கங்க.

"புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வா? வேலை செய்யாததை எதுக்குடி தேடுற?"ன்னு என்னைக் கேலி பண்ணுவீங்கள்ல. அந்த ஆர்.என்.ஏ. சும்மா இருக்கறதில்ல மாமா. புற்றுநோய் வளரும்போது அதுல சிலது ரத்தத்துல ஏறிடுது. எம்புட்டு ஏறியிருக்குன்னு, நோய் இல்லாத ஒருத்தர் ரத்தத்தோட வச்சு ஒப்பிடுறதுதான் என் வேலை.

அதுக்குன்னு எங்க லேப்ல வெளியாளைத் தேட மாட்டோம், சொந்தக் கையையே நீட்டிருவோம். நானும் நீட்டுனேன். என் ரத்தத்தோட ஒப்பிட்டா நோயாளிங்க யாருக்குமே ஏறல. மெஷினைத் திட்டுனேன், கெமிக்கலை மாத்துனேன். நேத்து கூட வேலை பாக்குற தாமரைச்செல்வி தன் ரத்தத்தைக் குடுத்தா. அதோட வச்சுப் பாத்தா எல்லாருக்கும் ஏறியிருக்கு.

எல்லாருக்கும்னா, எனக்கும்.

வேற காரணத்தாலயும் ஏறலாம்னு அவ சொல்றா. நானே மத்தவங்களுக்குச் சொல்ற ஆறுதல்தான் அது. வெள்ளிக்கிழமை ஸ்கேன். இவ தைரியசாலின்னு நெனச்சு இருந்துறாதீங்க, வந்துருங்க. அத்தைகிட்ட வெத்தலை லோடு விஷயமாப் போறேன்னு சொல்லுங்க.

என் ரத்தம் இருக்கற அந்த டியூப்ல நாங்க பேர் எழுதறதில்ல. 'நார்மல்'னு மட்டும் என் கையாலயே எழுதியிருக்கேன். அழிக்கணும்னு எடுத்தேன், முடியல. நீங்க வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும் மாமா.

உங்க பொண்டாட்டி