இஸ்திரிப் பெட்டி எரிக்காத கார்

அனுப்புநர்:
சலவைக்கடைக்காரரின் மனைவி,
கடையில் சரிபாதிப் பங்குடையவர்,
கடையின் மேல்மாடி,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
வாகனப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: நிறுத்தி வைத்திருந்த எங்கள் கார் தானாகத் தீப்பிடித்தது – விசாரணை அறிக்கையில் பழி எங்கள் மேல் விழுந்தது – காரை நசுக்குவதற்கு முன் முன்சீட்டின் அடியிலுள்ள வயரைச் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனுவைச் சுருக்கமாக எழுத வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். சுருக்கம் எடுப்பதுதான் என் தொழில். சுருக்கமாக எழுதுவது எனக்கு வராது. பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் மகள் பள்ளியில் சேர்ந்த ஆண்டு அந்தக் காரை வாங்கினோம். அதுவரை விடுதிகளின் போர்வை மூட்டைகளை என் கணவர் சைக்கிளில்தான் கட்டிக்கொண்டு போவார். எதிரே வருகிறவர்களுக்கு மூட்டை தெரியும், ஆள் தெரியமாட்டார். கார் வந்த அன்று நாங்கள் எங்கும் போகவில்லை. வாசலிலேயே நிறுத்தி, கதவுகளைச் சாத்திக்கொண்டு, மூவரும் அதற்குள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் மட்டும் அடிக்கடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

2. பின்பக்கம் குறுக்கே ஒரு கம்பி பொருத்தி, தேய்த்த சட்டைகளை அதில் மாட்டித்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வண்டி திரும்பும்போது சட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து பள்ளிக்குப் போன மகள், ஒவ்வொன்றுக்கும் உறவு வைத்திருந்தாள். விறைப்பான காலர் வைத்தது மேனேஜர் சித்தப்பா. எப்போதும் ஒரு பொத்தான் இல்லாமல் வருவது டாக்டர் மாமா. சட்டையை இறக்கும்போது, “போயிட்டு வாங்க மாமா” என்பாள். வாசலில் நிற்கும் டாக்டர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று பூரித்துப்போவார். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். இவையெல்லாம் விசாரணைக்குத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தங்கள் அறிக்கையில் எங்கள் காரை “சேதமடைந்த பொருள்” என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அது வீட்டில் ஒரு ஆள், ஐயா.

3. காரில் தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகள் தூங்கிவிட்டால் வண்டியை நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, ஒருவர் காவல் நிற்க மற்றவர் துணிகளை இறக்குவோம். ஒரு முறை எனக்கும் என் கணவருக்கும் பெரிய சண்டை. சமாதானம் பேச வந்த என் அண்ணன், பேச ஆரம்பிக்கும் முன்பே பின்சீட்டில் சாய்ந்து குறட்டை விட்டார். அவர் தூக்கம் கெடக்கூடாதே என்று குரலைத் தாழ்த்திப் பேசியதில் சண்டை தானாக முடிந்துபோயிற்று. என் கணவரும் வாரவிடுமுறை தவறாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் காரை நிறுத்தி, இருபக்கமும் கதவைத் திறந்து போட்டு, பின்சீட்டில் படுத்துக்கொள்வார். வாரம் முழுக்க ஆவியில் வேகிறவர். நானும் எழுப்புவதில்லை.

4. சென்ற ஆண்டு, கார் நிறுவனம் அந்த மாடல் வைத்திருந்த அனைவரையும் தன் பட்டறைக்கு அழைத்து, சீட் பெல்ட் எச்சரிக்கை மணிக்காக முன்சீட்டின் அடியில் புது வயர் மாற்றிக் கொடுத்தது. இலவசம் என்றதும் என் கணவர் முதல் ஆளாகப் போய் நின்றார். அதற்குப் பிறகுதான் காரில் அவ்வப்போது ஒரு கருகல் வாடை வர ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். எங்கள் குடும்பத்துக்கோ கருகல் வாடை என்பது மற்ற வீடுகளில் குழம்பு கொதிக்கிற வாடையைப் போல. சுடச்சுடத் துணி ஏற்றுகிற வண்டி, துணியின் வாடைதான் என்று இருந்துவிட்டோம்.

5. சம்பவம் நடந்தது கடை விடுமுறை நாளில். கார் ஓடவில்லை, சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. காரில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. என் கணவர் வழக்கம்போலப் பின்சீட்டில் தூங்கினார். தூக்கத்திலேயே கருகல் வாடை அவர் மூக்கில் ஏறியிருக்கிறது. வேறு எந்த மனிதருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. பாதித் தூக்கத்தில் எழுந்து, “எவன்யா பெட்டிய துணி மேலயே வச்சிட்டுப் போனது?” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். “இன்னைக்கு லீவுங்க” என்று சொன்னேன். அவர் நம்பாமல் கடைக் கதவைத் திறந்து ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். அதற்குள் கல்லூரியிலிருந்து திரும்பிய மகள் வாசலிலிருந்து அலறினாள். முன்சீட்டின் அடியிலிருந்து புகை வந்து, நாங்கள் ஓடிப் போவதற்குள் சீட் முழுவதும் எரிந்தது. அக்கம்பக்கத்தார் தண்ணீர் ஊற்றினார்கள், பயனில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். ஆனாலும் அந்தத் தலைப்பாகைக்காக நாங்கள் மூவரும் அழுதோம்.

6. தங்கள் ஆய்வாளர் விசாரித்தபோது என் கணவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். யாரோ பெட்டியைத் துணி மேல் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்ததாகச் சொன்னார். அறிக்கையில், “இஸ்திரிப் பெட்டி துணி மேல் வைக்கப்பட்டிருந்ததை உரிமையாளர் ஒப்புக்கொண்டார்” என்று இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் நினைத்ததற்கெல்லாம் பழி சுமத்தினால் ஊரில் ஒருவர் மிஞ்சமாட்டார். எங்கள் பெட்டிகள் நீராவிப் பெட்டிகள். குழாய் மூலம் கடைச் சுவரோடு இணைக்கப்பட்டவை. இழுத்தாலும் கடை வாசலுக்கு வராது. ஆய்வாளர் கடைக்குள் எட்டிப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். கார் நிறுவனம் இப்போது அந்த ஒரு வரியைக் காட்டித் தன் மேல் தவறில்லை என்கிறது.

7. எங்கள் தெருக்கோடியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவரிடமும் அதே மாடல் கார் இருக்கிறது. அதே பட்டறையில் அதே வயர் மாற்றினார். அவருடைய முன்சீட்டின் அடியில் விரிப்பு கருகியபோது, பட்டறையில் புது விரிப்பு போட்டு அனுப்பிவிட்டார்கள். கருகிய விரிப்பை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். நேரில் வந்து சொல்லவும் தயாராக இருக்கிறார்.

8. விசாரணை முடிந்துவிட்டதால், தங்கள் வளாகத்தில் நிற்கும் எங்கள் காரை அடுத்த வாரம் நசுக்க அனுப்பப்போவதாகத் தகவல் வந்துள்ளது. அந்த வயரின் மிச்சம் இன்னும் அதில்தான் இருக்கிறது. கார் போய்விட்டால் காட்டுவதற்கு எங்களிடம் வேறொன்றும் இல்லை. எனவே, அதை நசுக்குவதை நிறுத்தி, கார் நிறுவனத்தைச் சேராத ஒருவரைக் கொண்டு வயரைச் சோதிக்க வேண்டும். என் கணவர் சொன்னதை முழுமையாக அறிக்கையில் எழுத வேண்டும். அந்த வயர் மாற்றிய கார்கள் அனைத்தையும் உடனே திரும்ப அழைக்க வேண்டும்.

9. எங்களுக்குப் புதுக் கார் வேண்டும் என்று இதை எழுதவில்லை. என் கணவர் இப்போது பகலில் தூங்குவதில்லை. படுத்தால் எழுந்து எழுந்து மோந்து பார்க்கிறார். அவர் பிழைத்தது எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டினாலும் அல்ல. வாடிக்கையாளரின் சட்டை கருகுகிறதே என்ற கோபத்தில் இறங்கி வந்ததால். அதே மாடல் கார்களின் பின்சீட்டில் இன்று மதியமும் யாராவது தூங்குவார்கள். பள்ளி விட்டு வருகிற குழந்தையாகக்கூட இருக்கலாம். அந்தக் குழந்தைக்குக் கருகுகிற சட்டையைப் பற்றி என்ன கவலை? அது எழுந்து வராது, ஐயா. தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஆவன செய்வீர்கள் எனக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
சலவைக்கடைக்காரரின் மனைவி

இடம்: கடையின் மேல்மாடி
நாள்: செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை