கீழே இழுக்கும் நாலெழுத்து

அம்மாவுக்கு, செல்வி வணங்கி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? என் பாப்பா என்னைத் தேடாமல் சாப்பிடுகிறாளா?

வெள்ளிமலையில் நான் சுகம். வகுப்பறைக்குள்ளேயே மேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று அந்த மேகமூட்டத்தில் அறிவியல் சொற்களைக் குறுக்கெழுத்தாகக் கரும்பலகையில் போட்டேன். ‘கண்ணுக்குத் தெரியாது, எல்லாரையும் கீழே இழுக்கும், நான்கு கட்டம்.’ விடை ‘ஈர்ப்பு’. ஏழாம் வகுப்பு தீபிகா ‘தூக்கம்’ என்று எழுதிவிட்டாள்.

“கடைசிக் கட்டத்துல ‘பு’ வரணும்மா. அதுலேர்ந்துதான் புதன் கிரகம் கீழே இறங்குது” என்றேன்.

“அப்போ புதனுக்கு லீவு வுட்டுருங்க டீச்சர்!”

வகுப்பே சிரித்தது. எனக்கும் அழிக்க மனம் வரவில்லை.

பஸ் ஹாரன் அடிக்கிறது. இதைக் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். புதன்கிழமை அவரிடமே பாப்பாவின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்பு. தீபிகா எழுதிய நாலெழுத்து இங்கே எனக்கு வரமாட்டேன் என்கிறது.

செல்வி